ஈ.சி.ஆர். ஒன்றும் இண்டியானாபொலிஸ் அல்ல!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கி பைக்குகள் வரிசையாகப் பறக்கின்றன. வளைவு வந்தால் உடம்பைச் சாய்த்து, முழங்காலைத் தரைப்பக்கம் நீட்டி, ஆக்சிலரேட்டரை இன்னும் ஒரு முறுக்கு. மாமல்லபுரம் போய்ச் சேர்ந்ததும் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில் நின்று ஒரு போட்டோ. அவ்வளவு பெரிய பாறை சரிவில் உருளாமல் நிற்பதற்கு உராய்வு ஒரு முக்கியக் காரணம். வந்த வழியெல்லாம் தங்களைக் காப்பாற்றியதும் அதே உராய்வுதான் என்பது போட்டோ எடுக்கும் பையன்களுக்குத் தோன்றுவதில்லை.

ரேஸ் என்றால் தைரியம். இதுதான் கல்லூரிப் பையன்கள் பலருடைய எண்ணம். ஆனால் உலகிலேயே மிக வேகமாக வண்டி ஓட்டப்படும் சாய்வுத் தடங்களின் கதையைப் பார்த்தால், அங்கே தைரியத்துக்குக் கடைசி இடம்தான்.

சாய்வுத் தடம் என்றால் என்ன? வளைவில் சாலையின் வெளிப்புறம் உயர்ந்தும் உட்புறம் தாழ்ந்தும் இருக்கும். பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்குப் புரியும். சமதள வளைவில் வண்டியைத் திருப்புவது டயரின் பிடிப்பு மட்டுமே. சாய்ந்த வளைவில் தரையே வண்டியை உள்பக்கம் தள்ளிக் கொடுக்கும். அமெரிக்காவின் டேட்டோனா தடத்தில் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்திருக்கின்றன. இந்தியாவில் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் 2021-ல் திறக்கப்பட்ட 11.3 கி.மீ. நீள சோதனைத் தடத்தின் வளைவுகளில், டயரின் பக்கவாட்டுப் பிடிப்பே தேவைப்படாமல் 250 கி.மீ. வேகத்தில் போகலாம் என்ற கணக்கில் சாய்வு அமைத்திருக்கிறார்கள்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமும் அல்ல. மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவாகும் கார்களை ஓட்டிப் பார்க்க, செய்யாறு பக்கம் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு சோதனைத் தடம் இருக்கிறது. 2021-ல் அங்கே நான்கு எக்ஸ்.யூ.வி.700 கார்கள் 24 மணி நேரம் ஓடின. ஒவ்வொன்றும் 4000 கி.மீ.க்கு மேல் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 170 கி.மீ.க்கும் மேல்! எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது என்பது உறுதியான இடத்தில் நடந்த விஷயம் இது.

சரி, சாய்வு இருந்தால் எவ்வளவு வேகத்தில் வேண்டுமானாலும் போகலாமா? இங்கேதான் 2005-ஆம் வருட அமெரிக்க கிராண்ட் பிரீ நினைவுக்கு வர வேண்டும்.

இண்டியானாபொலிஸின் சாய்வு 9 டிகிரி சொச்சம். 250 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் அந்தச் சாய்வு தனியாகத் தாங்கும் வேகம் சுமார் 72 கி.மீ. மட்டுமே. ஃபார்முலா 1 கார்கள் பாய்ந்ததோ 300-ஐ நெருங்கிய வேகத்தில். வேகம் நான்கு மடங்கானால் திரும்புவதற்கு வேண்டிய விசை பதினாறு மடங்காகும். பெரும்பகுதியை டயரும், காரைக் கீழே அழுத்தும் காற்றும்தான் தர வேண்டும். சாய்வில் கார் தரையோடு இன்னும் அழுந்தும் என்பதால் டயருக்குச் சுமை கூடுதல்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்ந்த 13-வது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் இடது பின் டயர் கைகொடுக்கவில்லை. கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் முழு வேகத்தில் ஓட்டினால் தங்கள் டயர்களுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று மிஷெலின் சொல்லிவிட்டது. வளைவில் வேகத்தைக் குறைக்கத் தடத்தை மாற்றலாம் என்ற யோசனையும் ஏற்கப்படவில்லை. ஜூன் 19, ஞாயிறு. மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பந்தயத்துக்கு முந்தைய சுற்றை முடித்து, நேராக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. அரங்கம் நிறைய ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அதில் ஒன்றில் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டி நான்காவதாக வந்தார். 5 புள்ளிகள்.

நம்மூரில் அந்த 5 புள்ளிகளைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் திரும்பிப் போன 14 பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களில் தைரியம் இல்லாதவர் ஒருவரும் கிடையாது. டயரால் முடியாது என்று தெரிந்த பிறகு நின்றார்கள், அவ்வளவுதான்.

நரேன் 2010-ல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் பந்தயங்களுக்குப் போனார். மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதல் பந்தயம், 13-வது இடம். இப்படிப்பட்ட ஓவல் தடங்களில் வண்டி இடது பக்கமே திரும்பும். அதற்காக வண்டியையே கோணலாகத் தயார் செய்கிறார்கள். வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டு பக்க ஸ்பிரிங்குகளும் ஒன்றாக இருக்காது. முன் சக்கரங்கள் நிற்கும் சாய்வு பக்கத்துக்குப் பக்கம் மாறும். நேர்ச்சாலையில் விட்டால் வண்டி தானாகவே இடது பக்கம் இழுக்கும். முன்பக்கம் திரும்ப மறுக்கிறதா, பின்பக்கம் வழுக்குகிறதா என்று டிரைவர் சொல்ல, டயரின் காற்றையும் ஸ்பிரிங்கையும் துளித்துளியாக மாற்றுவார்கள். டிரைவர் சட்டென்று பிரேக் அடிப்பதோ ஸ்டீயரிங்கை வெட்டுவதோ கூடாது. வளைவுக்கு முன்பே காலை மெதுவாக எடுத்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பொறுமை. ஹீரோயிசம் எங்கே இருக்கிறது?

இப்போது ஈ.சி.ஆருக்கு வாருங்கள். சமவெளிச் சாலைகளின் வளைவில் இந்தியச் சாலை விதிகள் அனுமதிக்கும் சாய்வு அதிகபட்சம் 7 சதவீதம். அதாவது வெறும் 4 டிகிரி. அதே 250 மீட்டர் ஆரத்தில் இது தாங்குவது 47 கி.மீ. வேகத்தை. 94-ல் போனால் நான்கு மடங்கு விசை வேண்டும். அதில் ஒரு பங்கைச் சாலை தரும், மூன்று பங்கை டயர் தர வேண்டும். காற்று கொண்டுவந்து போட்ட கடற்கரை மணல் அந்த வளைவில் இருந்தால்? உடம்பைச் சாய்ப்பது பைக் கவிழாமல் இருக்கத்தான், டயரின் பிடிப்பை அது கூட்டாது. அதோடு, குறுக்கே மீன்கூடையோடு கடக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. விழுந்தால் அடிபடுவதில் மட்டும் பங்கு உண்டு.

போலீஸ் தடுப்பு வைத்தால் போதுமா? போதாது. இங்கே தடுப்பு வைத்தால் பையன்கள் திருக்கழுக்குன்றம் சாலைக்குப் போவார்கள். வேக ஆசை குற்றம் அல்ல, அதற்கு இடம் தவறு. 1990-ல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம், செங்கல்பட்டிலிருந்து ஒரகடம் வழியாக எட்டிவிடும் தூரம்தான். காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் மாதம் ஒரு காலையாவது சேர்ந்து வாடகை கொடுத்து, மாணவர்களை ஹெல்மெட், பயிற்சியாளர், ஆம்புலன்ஸ் சகிதம் அங்கே அழைத்துப் போகலாமே? "பணக்காரன் விளையாட்டு" என்பார்கள். ஒரு மாணவனின் கால் எலும்புக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவைவிடவா அதிகம்? மாணவர்களே கார் செய்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் கரி தடத்தில் நடந்து வருகிறது. ஒருமுறை தன் கையால் ஸ்பிரிங் மாற்றி, டயரில் காற்று பார்த்து ஓட்டியவன், பொதுச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கத் தயங்குவான். எதை நம்பி வண்டி நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

தெரியாதவர்கள் அதுவரை ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 2005-ல் உலகம் பார்த்துக்கொண்டிருக்க, உலகின் தலைசிறந்த டிரைவர்களில் 14 பேர் டயரை நம்ப முடியாமல் வண்டியை நிறுத்தினார்கள். ஞாயிறு காலை நண்பர்கள் நான்கு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக முறுக்க வேண்டியதில்லை.