இரும்புச் சட்டை போட்ட மந்திரவாதிக்கு ஷீல்ட் எதுக்கு?

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுற எந்த மேசையிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்: இரும்புக் கவசம் போட்டிருக்கிற ஒரு மந்திரவாதி, அதுக்கு மேல மந்திரத்தாலும் தன்னைப் பாதுகாக்கலாமா? விதிப் புத்தகத்தைத் திறந்தால் பதில் இருக்கு. சில மந்திரங்களுக்கு 'இல்லை', சில மந்திரங்களுக்கு 'ஓம்'. எனக்குப் பிரச்சினை அந்த 'ஓம்'தான். ஐந்தாம் பதிப்பு அதை மிக மலிவாகக் கொடுக்கிறது. மிச்ச விலையைக் கட்டுவது மந்திரவாதி இல்லை, அதே மேசையில் இருக்கிற வேறொராள்.

இதுவரை விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பால்டர்ஸ் கேட் 3 விளையாடினவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், அந்த கேமும் ஐந்தாம் பதிப்பின் விதிகளைத்தான் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆர்மர் கிளாஸ், சுருக்கமாக ஏசி, என்று ஒரு எண் இருக்கும். உங்களை அடிக்க வாற எதிரி 20 பக்கம் உள்ள டைஸை உருட்டி, தன்னுடைய தாக்கும் எண்ணையும் அதோடு கூட்டுவார். கூட்டினது உங்கள் ஏசியைத் தொட்டால் அடி விழும், தொடாவிட்டால் தப்பினீங்கள். ஒன்றும் போடாத ஆளுக்கு ஏசி 10, அதோடு அவருடைய சுறுசுறுப்புக்கான எண். செயின் மெயில் போட்டால் 16. முழு பிளேட் போட்டால் 18. கையில் கேடயம் பிடித்தால் இன்னும் 2 கூடும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் பெட்டியை வெளியிட்டபோது இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மந்திரவாதி கவசம் போட ஏலாது, அவ்வளவுதான். 'நான் கடையில வாங்கிப் போட்டால் என்ன நடக்கும்?' என்று ஒராள் கேட்டால், உலகத்துக்குள் இருந்து ஒரு பதிலும் வராது. ஆனாலும் அந்தத் தடை செய்த வேலை எல்லாருக்கும் விளங்கியது. ஒராள் முன்னுக்கு நிற்பார், ஒராள் பின்னுக்கு நிற்பார். பின்னுக்கு நிற்பவர் பெரிய வேலை செய்வார், ஆனால் ஒரு நல்ல அடி விழுந்தால் ஆள் முடிஞ்சுது. அதனால்தான் இருவருக்கும் மற்றவர் தேவைப்பட்டார்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு தடையை எடுத்துவிட்டு விலை வைத்தது. மந்திரவாதி கவசம் போடலாம், ஆனால் போடுற மந்திரம் பிசகிப்போகும் வாய்ப்பு உண்டு. தோல் கவசத்துக்கு 10%, முழு பிளேட்டுக்கு 35%. கைகளை நுணுக்கமாக அசைத்துத்தான் மந்திரம் போடவேணும், இரும்பு அதுக்கு இடைஞ்சல் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் அதே மாதிரிக் கைகளை அசைக்கிற கிளெரிக்குக்கு இந்த விதி இல்லை. கடவுள் கொடுத்த மந்திரம் இரும்புக்குள்ளாலும் தடையில்லாமல் வருமாம்! அதனால் இதை இரும்பின் இயல்பு பற்றிய விதியாக நான் வாசிப்பதில்லை. இது குழுவுக்குள் வேலை பிரிக்கிற விதி. காரணம் பிறகு ஒட்டப்பட்டது.

மூன்றாம் பதிப்பு இன்னொன்றும் செய்தது. பாதுகாப்புக்கு வகை பிரித்தது. கவச வகை, கேடய வகை, இயற்கைத் தோல் வகை, அடியை விலக்கும் வகை என்று ஒரு நீளப் பட்டியல். ஒரே வகையில் இரண்டு வந்தால் பெரியது மட்டும்தான் கணக்கில் வரும். மேஜ் ஆர்மர் என்ற மந்திரம் 4 கொடுக்கும், ஆனால் அது கவச வகை, ஆகவே இரும்புக் கவசத்தோடு கூடாது. ஷீல்ட் மந்திரம் கேடய வகை, ஆகவே கையில் பிடிக்கிற கேடயத்தோடு கூடாது. உயர்ந்த லெவலுக்குப் போனால் இது பெரிய தலையிடி என்பது உண்மைதான். மோதிரத்தில் ஒரு வகை, தாயத்தில் இன்னொரு வகை என்று வகைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு திரியவேணும், கணக்குக்கே ஒரு தாள் வேணும். ஆனால் 'ஏற்கனவே மூடின இடத்தைத் திரும்ப மூட ஏலாது' என்ற அடிப்படை யோசனை நல்லது.

2014இல் ஐந்தாம் பதிப்பு அந்தப் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு பூட்டு மட்டும் வைத்தது. முதலாவது, ஏசியின் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான் இருக்கலாம். மேஜ் ஆர்மர் உங்கள் ஏசியை 13உம் சுறுசுறுப்பும் ஆக்கும், எட்டு மணித்தியாலம் நிற்கும், ஆனால் கவசம் போடாத ஆளுக்குத்தான். கவசத்தைப் போட்டவுடன் மந்திரம் முடியும். பார்பேரியன் தன் உடல் உரத்தைக் கூட்டுவார், மொங்க் தன் ஞானத்தைக் கூட்டுவார். இப்படி இரண்டு கணக்கு உங்களிடம் இருந்தாலும் ஒன்றுதான் செல்லும். இரண்டாவது பூட்டு, கொன்சன்ட்ரேஷன். ஷீல்ட் ஒஃப் ஃபெய்த் ஏசிக்கு 2 கூட்டும், ஹேஸ்ட்டும் 2 கூட்டும், ஆனால் ஒராள் ஒரே நேரத்தில் இப்படியான மந்திரம் ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்கலாம். அடி விழுந்தால் அதுவும் கைவிட்டுப் போகலாம்.

அழகான விதிகள், மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் இரண்டு பூட்டுக்கும் அகப்படாத ஒரு மந்திரம் இருக்கு. அதுதான் ஷீல்ட். முதலாம் நிலை மந்திரம். எதிரியின் அடி விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு போடலாம். உங்கள் அடுத்த முறை வரும்வரை ஏசிக்கு 5 கூடும், விழுந்த அந்த அடிக்கும் சேர்த்து. கொன்சன்ட்ரேஷன் தேவையில்லை. கவசம் போட்டிருக்கிறீங்களா என்று அது கேட்பதுமில்லை.

அதோடு ஐந்தாம் பதிப்பில் கவசத்துக்குப் பிசகும் வீதம் என்று ஒன்று இல்லை. பயிற்சி இல்லாமல் கவசம் போட்டால் மந்திரமே போட ஏலாது. பயிற்சி இருந்தால் ஒரு தடையும் இல்லை. பயிற்சியை எப்படிப் பெறுவது? ஒரேயொரு லெவல் கிளெரிக் எடுத்தால் போதும். நடுத்தரக் கவசமும் கேடயமும் கையில். மந்திரம் போடுற ஸ்லொட்டுகளின் எண்ணிக்கைகூடக் குறையாது. புதிய மந்திரங்கள் ஒரு லெவல் பிந்தி வரும், ஃபயர்போல் ஐந்தாம் லெவலுக்குப் பதிலாக ஆறாம் லெவலில் கிடைக்கும். அவ்வளவுதான் விலை.

இனிக் கணக்கைப் பாருங்கோ. இரண்டு மந்திரவாதிகள், இருவருக்கும் சுறுசுறுப்பு +2. ஒருவர் மேஜ் ஆர்மர் போட்டு ஏசி 15 வைத்திருக்கிறார். மற்றவர் கிளெரிக் லெவல் ஒன்றை எடுத்து, ஹாஃப் பிளேட்டும் கேடயமுமாக ஏசி 19 வைத்திருக்கிறார். தாக்கும் எண் +5 உள்ள எதிரி ஒன்று வருகிறது. முதலாமவருக்கு இருபது வீச்சில் 11 அடி விழும், ஷீல்ட் போட்டால் 6. இரண்டாமவருக்கு 7 விழும், ஷீல்ட் போட்டால் 2. அதே மந்திரம், அதே ஸ்லொட். முதலாமவருக்கு அது கிட்டத்தட்டப் பாதி அடிகளைத் தடுக்கிறது, இரண்டாமவருக்கு மூன்றில் இரண்டுக்கும் மேல் தடுக்கிறது. ஏசியின் குணமே அதுதான். ஏற்கனவே கூட இருக்கிற ஆளுக்கு, இன்னும் கூட்டக் கூட்டப் பெறுமதி ஏறிக்கொண்டே போகும். இருக்கிறவனுக்கே மேலும் கொடுக்கிற விதி இது.

இதே எதிரி, செயின் மெயிலும் கேடயமும் போட்ட வீரருக்கு இருபதில் 8 முறை அடிக்கும். முன்னுக்கு நின்று அடி வாங்குவதுதான் அந்த வீரரின் தொழில். முழு பிளேட்டுக்கு 1500 பொற்காசு சேர்த்துக் கேடயத்தோடு நின்றாலும் ஏசி 20தான். மந்திரவாதி நினைத்த நேரம் 24.

'அதனால என்ன, எல்லாரும் ஒரே அணிதானே?' என்று கேட்கலாம். பால்டர்ஸ் கேட் 3இல் இந்தக் கேள்வி சரி. அங்கே கேல் என்ற மந்திரவாதி மனிதர் என்ற ஒரே காரணத்தால் கேடயம் பிடிக்கலாம், மல்டிகிளாஸ் செய்யக் குறைந்தபட்சத் திறன் எண்கூடத் தேவையில்லை. ஆனால் அங்கே நாலு பேரையும் ஓட்டுறது நீங்கள் ஒராள்தான். யாருக்கும் மனம் நோகாது. மேசையில் அப்படி இல்லை. வீரராக விளையாடுவது ஒரு உண்மையான ஆள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலம் செலவழித்து வந்திருக்கிறார். பெரிய நெருப்பு வேலை தனக்கு இல்லை என்று தெரிந்துதான் அந்தப் பாத்திரத்தை எடுத்தார். 'உங்களை நான் காப்பாற்றுவேன்' என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே வசனம். பின்னுக்கு நிற்பவர் அவரைவிடக் கெட்டியாக இருந்தால், அந்த வசனமும் போயிற்று.

அடுத்து டிஎம் என்ன செய்வார்? மந்திரவாதிக்கு ஒரு அடிகூட விழவில்லை என்று கண்டு, அடுத்த முறை பலமான எதிரியைக் கொண்டுவருவார். தாக்கும் எண் +10 என்று வையுங்கோ. ஷீல்ட் போட்ட மந்திரவாதிக்கு இப்போது இருபதில் 7 அடி விழும். வீரருக்கு 13. தோல் கவசத்தோடு ஏசி 15இல் நிற்கிற ரோக்குக்கு 16! ஒராளைத் தொடுவதற்காக எதிரியைப் பெரிதாக்கப் போய், மற்றவர்கள்தான் செத்துப் போகிறார்கள். நான் முதலில் சொன்ன 'வேறொராள் கட்டுற விலை' இதுதான்.

ஏசியைப் பார்க்காத தாக்குதல்களைக் கொண்டுவரலாமே என்பது இதற்கு வழக்கமாக வாற பதில். டிராகனின் மூச்சுக்கும் ஃபயர்போலுக்கும் முன்னால் கேடயமும் ஷீல்டும் ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் அவற்றில் அனேகமானவற்றில் இருந்து தப்பச் சுறுசுறுப்பு வேணும். இரும்பு சுமக்கிற வீரருக்குப் பெரும்பாலும் அது குறைவு. திரும்பவும் அடி அவருக்குத்தான்.

இதில் எனக்கு மிகவும் பகிடியாகத் தெரிவது எல்ட்ரிச் நைட்டின் கதை. வாளும் மந்திரமும் கலந்த வீரர் அவர், இந்த மந்திரம் அவருக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் ஷீல்டுக்குக் கை அசைவு வேணும், அதுக்கு ஒரு கை சும்மா இருக்கவேணும். ஒரு கையில் வாள், மறுகையில் கேடயம் என்றால் வோர் காஸ்டர் என்ற தனித்திறனை எடுக்காமல் அவர் ஷீல்ட் போட ஏலாது. மந்திரவாதிக்கு வாள் தேவையில்லை. ஒரு கையில் கேடயம், மறுகை சும்மா. ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாம் லெவலில் அந்த நைட்டுக்கு இருப்பது முதலாம் நிலை ஸ்லொட் இரண்டே இரண்டு. மந்திரவாதிக்கு நாலு, அதற்கு மேல் இரண்டாம் நிலையில் இன்னும் இரண்டு. கவசமும் மந்திரமும் சேரவேண்டும் என்றே உருவான பாத்திரம் விலை கட்டுது. ஒரு லெவல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் கட்டவில்லை.

வேறு வழி இருக்கு என்பதற்கு 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஒரு உதாரணம். அங்கே ஒருவருக்கு ஒரு முறையில் மூன்று செயல். கேடயத்தை உயர்த்த ஒரு செயல் போகும், ஏசிக்கு 2. ஷீல்ட் மந்திரத்துக்கும் ஒரு செயல் போகும், ஏசிக்கு 1. இரண்டும் ஒரே வகை, கூடாது. மந்திரத்தால் ஒரு அடியைத் தாங்கினால், பத்து நிமிடத்துக்கு அதைத் திரும்பப் போட ஏலாது. பாதுகாப்பு வேணும் என்றால் வேறு ஏதோ ஒன்றை அந்த நொடியிலேயே விடவேணும். மேசையில் இருக்கிற எல்லாரும் அதைக் காண்பார்கள்.

அதுக்காக எல்லாரும் விளையாட்டை மாற்றத் தேவையில்லை. மந்திரவாதிக்குக் கவசத்தைத் தடை செய்யவும் தேவையில்லை. மலைக் குள்ளர் வம்சத்து மந்திரவாதி சங்கிலிச் சட்டையோடு நிற்பது அழகான பாத்திரம், அதை 1974க்குத் திருப்பி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. மூன்றாம் பதிப்பில் இருந்து ஒரே ஒரு வரியை மட்டும் கடன் வாங்குவோம்: ஷீல்ட் மந்திரமும் கையில் பிடித்த கேடயமும் ஒன்றோடொன்று கூடாது, பெரியதை மட்டும் எடுக்கவேணும்.

இந்த ஒரு வரி என்ன செய்யும் என்று பாருங்கோ. ஹாஃப் பிளேட் போட்ட நம்ம மந்திரவாதி 24இல் இருந்து 22க்கு இறங்குவார். முழு பிளேட் போட்ட எல்ட்ரிச் நைட் ஷீல்ட் போட்டால் 23. மேஜ் ஆர்மரோடு நிற்பவர் அதே 20. இவ்வளவு காலம் இரும்பு தூக்கிப் பழகினவர் முதலாவது, எட்டிப் பார்த்தவர் இரண்டாவது, மந்திரத்தை மட்டும் நம்பினவர் மூன்றாவது. யாருடைய பாத்திரத்தையும் கிழித்து எறியத் தேவையில்லை, புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை.

விதி மாற்றுறதை விளையாட்டு நடுவில், அடி விழுற நேரத்தில் செய்யாதீங்கோ. அது சண்டையில்தான் முடியும். பாத்திரம் உருவாக்குற முதல் நாளே கதையுங்கோ. மந்திரவாதியாக விளையாடப் போறவரிடம் இல்லை, வீரராக விளையாடப் போறவரிடம் முதலில் கேளுங்கோ: இந்தக் குழுவில உன்ர வேலை என்ன? அவர் சொல்ற பதில் பத்தாம் லெவலிலும் உண்மையாக இருக்கவேணும் என்றால் எந்த விதி தேவை என்று அதுக்குப் பிறகு முடிவெடுக்கலாம். என்னுடைய ஒரு வரியைவிட நல்ல வரி உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கோ. அடுத்த கதையில் அதைப் போட்டு விளையாடிப் பார்ப்போம்.