ஷெர்பா என்பது வேலையின் பெயர் இல்லை

எவரெஸ்ட் பக்கம் மலைநடை போய்வந்தவர்களின் படத்தொகுப்புகளைப் பார்த்தால் ஒரு வரிசை புரிந்துவிடும். முதலில் லுக்லாவின் குட்டி ஓடுபாதை. அப்புறம் தொங்குபாலம், அதில் படபடக்கும் ஐந்து நிற மந்திரக் கொடிகள். லாட வடிவில் மலையைச் சுற்றி நிற்கும் நாம்சே பஜார். தெங்போச்சே மடாலயத்தின் வாசல், பின்னால் அமா தப்லம் சிகரம். கடைசியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும்: இரண்டு பெரிய பைகளைச் சேர்த்துக் கட்டி, நெற்றிப் பட்டையில் மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு பையன். கீழே "எங்கள் ஷெர்பா" என்று எழுதியிருப்பார்கள்.

அந்தப் பையன் பெரும்பாலும் ஷெர்பாவே கிடையாது.

ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். ஷர் என்றால் கிழக்கு, பா என்றால் மக்கள். சுமார் 500 வருஷங்களுக்கு முன்பு கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து மலை தாண்டி வந்து குடியேறியவர்கள். யாக் வளர்த்தார்கள், நாங்பா லா கணவாய் வழியாக உப்பும் தானியமும் வியாபாரம் செய்தார்கள், 19ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு வந்தபிறகு அதைப் பயிரிட்டே பிழைத்தார்கள். அவர்கள் பெயர்களும் தனி அழகு! பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். திங்கள் என்றால் தாவா, புதன் என்றால் லாக்பா, வெள்ளி என்றால் பாசாங், சனி என்றால் பெம்பா. ஒரு ஊரில் எத்தனை பாசாங் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1953ல் டென்சிங் நோர்கே எவரெஸ்ட் உச்சியில் நின்றதும் உலகத்துக்கு 'ஷெர்பா' என்ற சொல் பழகிவிட்டது. பழகியதோடு அர்த்தமும் மாறிவிட்டது. இன்றைக்கு ஆங்கிலத்தில் யார் எதைச் சுமந்தாலும் ஷெர்பா. இனத்தின் பெயர் வேலையின் பெயராகிவிட்டது. "சரி, இதிலென்ன பெரிய குடி முழுகிப்போச்சு?" என்று கேட்கலாம். பெயர் தப்பாகச் சொன்னதால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. உயிர் நஷ்டமே இருக்கிறது.

கும்பு பள்ளத்தாக்கின் ஷெர்பாக்களில் பலர் சுமை தூக்கும் வேலையை விட்டு மேலே வந்துவிட்டார்கள். ஹிலாரி கும்ஜுங் கிராமத்தில் 1961ல் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார், 1966ல் குண்டேயில் ஆஸ்பத்திரி வந்தது. படித்தார்கள், லாட்ஜ் கட்டினார்கள், வழிகாட்டி ஆனார்கள், சிலர் ட்ரெக்கிங் கம்பெனியே நடத்துகிறார்கள். கூலியாகத் தொடங்கி முதலாளியான ஒரு சமூகம், அதுவும் இரண்டு மூன்று தலைமுறைக்குள்! பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்கள் இறக்கிவைத்த சுமை காணாமல் போகவில்லை, வேறு முதுகுக்கு மாறியிருக்கிறது. இப்போது அந்தப் பாதையில் பை தூக்குபவர்களில் பலர் ராய், தமாங், மகர் இனத்தவர்கள். தாழ்ந்த மலைப்பகுதிகளில் விவசாயம் பார்த்துவிட்டு, சீசனுக்கு மட்டும் மேலே வருகிறவர்கள்.

ஷெர்பாக்களின் உடம்பு தலைமுறை தலைமுறையாக உயரத்துக்குப் பழகியது. இதை விஞ்ஞானமும் சொல்கிறது. அந்தப் பெயரை ஒரு ராய் இளைஞன்மேல் ஒட்டும்போது கூடவே ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொள்கிறது. "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்ப்பா, குளிராது, மூச்சு வாங்காது." குளிரும். வாங்கும். 5,000 மீட்டருக்கு மேலே போனால் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கு வந்துவிடுகிறது. தாழ்ந்த ஊரிலிருந்து வந்த போர்ட்டரின் நுரையீரலுக்கும் வெளிநாட்டுப் பயணியின் நுரையீரலுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. நுரையீரலில் நீர் கோப்பதும் மூளை வீங்குவதும் இருவருக்கும் வரும். பயணிக்குத் தலை வலித்தால் அன்றைக்கு ஓய்வு. போர்ட்டர் தலைவலியைச் சொன்னால் அன்றைய கூலி போய்விடுமோ என்று பயந்து சொல்வதே இல்லை.

1997ல் ஓர் இளம் நேபாளி போர்ட்டர் உயர்மலை நோயால் இறந்துபோனார். அந்த மரணத்துக்குப் பிறகுதான் போர்ட்டர்களின் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழு தொடங்கியது. கோக்யோ பள்ளத்தாக்கில் மச்செர்மோ என்ற இடத்தில் அவர்களுக்காகத் தங்குமிடமும் மருத்துவ நிலையமும் கட்டினார்கள். 4,400 மீட்டருக்கு மேலே, போர்ட்டர் படுப்பதற்கென்றே ஓர் அறை! பயணிகளுக்கு அந்தப் பாதை முழுக்க லாட்ஜ்கள் முளைத்து எத்தனை வருஷங்களுக்குப் பிறகு இது வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில், பயணிகள் தூங்கப் போன பிறகு சாப்பாட்டு அறை பெஞ்சுகள்தான் பல போர்ட்டர்களுக்குப் படுக்கை.

இனி கொஞ்சம் கணக்கு. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்தப் பாதையை விடச் சுவாரசியமான பாடம் கிடைக்காது.

லாட்ஜில் அறை வாடகை ரொம்ப மலிவு. சாப்பாடுதான் மேலே போகப் போக விலை ஏறும். தங்குகிற இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆக, சாப்பாட்டு லாபத்தில் அறை ஓடுகிறது. விலை ஏறுவதற்குக் காரணம் பேராசை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை. லுக்லாவுக்கு மேலே வண்டி போகும் சாலை கிடையாது. அரிசி, எண்ணெய், எரிவாயு சிலிண்டர், பீர் பாட்டில், லாட்ஜின் கூரைத் தகடு உட்பட எல்லாமே மனிதர்களும் விலங்குகளும் சுமந்து வர வேண்டியவை. ஒவ்வொரு நாள் நடைக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி ஏறுகிறது. தட்டில் இருக்கும் சோற்றில் அந்தக் கூலி இருக்கிறது.

சயின்ஸ் பத்திரிகையில் 2005ல் ஓர் ஆய்வு வந்தது. சனிக்கிழமை நாம்சேயில் சந்தை. அதற்கு முந்தைய நாள் பாதையில் நின்று எண்ணினார்கள், சுமைகளை எடை போட்டார்கள். ஒரே நாளில் 545 ஆண்கள், 97 பெண்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தார்கள், பெண்கள் 66 சதவீதம். ஆண்களில் ஐந்தில் ஒருவர் தன் எடையை விட 25 சதவீதம் அதிகமாகவே தூக்கினார். அதையும் பல நாட்கள் ஏறி இறங்கி நடந்து கொண்டுவருகிறார்கள். உபகரணம் என்ன தெரியுமா? டோகோ என்ற மூங்கில் கூடை, நாம்லோ என்ற நெற்றிப் பட்டை, டோக்மா என்ற குட்டைக் கோல். நிற்கும்போது அந்தக் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்தால் சுமையை இறக்காமலே இளைப்பாறலாம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சந்தைக்குச் சரக்கு கொண்டுவரும் போர்ட்டருக்குக் கிலோ கணக்கில் கூலி. ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை இருக்கிறது. எவ்வளவு தூக்குவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார் (வறுமையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது, அது வேறு கதை). பயணிகளோடு போகும் போர்ட்டருக்கு நாள் கணக்கில் கூலி. பையில் 12 கிலோ இருந்தாலும் 18 கிலோ இருந்தாலும் கொடுப்பது ஒன்றுதான். அதாவது, பயணியைப் பொறுத்தவரை அடுத்த கிலோ இலவசம்! இலவசம் என்றால் என்ன நடக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மூன்றாவது ஜோடி செருப்பு, தடி தடியாய் இரண்டு நாவல்கள், ஷாம்பூ பாட்டில், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு கம்பளி. இரண்டு பயணிகளுக்கு ஒரு போர்ட்டர் என்பதால் எல்லாமே இரட்டிப்பு. அந்த இலவசத்துக்கு விலை கொடுப்பது யாருடைய கழுத்தெலும்பு?

வேடிக்கை என்னவென்றால் இதே பயணிகள் மற்ற விஷயங்களில் ரொம்பக் கவனமானவர்கள். மந்திரம் செதுக்கிய மணிச்சுவர் வந்தால் அதை வலப்பக்கம் விட்டுத்தான் கடப்பார்கள். மடாலயத்துக்குள் தொப்பியைக் கழற்றுவார்கள், குரலைத் தாழ்த்துவார்கள். தெங்போச்சே மடாலயம் 1916ல் எழுந்து, 1934 பூகம்பத்தில் இடிந்து, 1989ல் மின்கோளாறில் எரிந்து, 1993ல் மறுபடி நின்ற கதையைக் கண்கலங்கக் கேட்பார்கள். கும்ஜுங்குக்கு மேலே நிற்கும் கும்பிலா சிகரம் அந்த மண்ணின் காவல் தெய்வம், அதில் யாரும் ஏறக்கூடாது என்றால் தலையாட்டி ஒத்துக்கொள்வார்கள். எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் கல்லுக்கும் சிகரத்துக்கும் காட்டுகிற மரியாதையில் கொஞ்சமாவது, வெளியே திண்ணையில் கான்வாஸ் ஷூவோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் வர வேண்டாமா?

இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். "எடைக்கு வரம்பு வைத்தால் அவர்கள் வருமானம்தான் போகும், அவர்களே அதிகம் தூக்கத்தான் விரும்புகிறார்கள்." சரக்குப் போர்ட்டர் விஷயத்தில் இது பாதி உண்மை. பயணியின் போர்ட்டருக்கு இது பொருந்தவே பொருந்தாது. அவருக்குக் கிலோ ஏறினால் கூலி ஏறுவதில்லை. எடையைக் குறைத்தால் இன்னொரு போர்ட்டர் தேவைப்படும், இன்னொரு குடும்பத்துக்கு வேலை. வருமானம் போகிறது என்று கவலைப்படுவது உண்மையில் யாருடைய பர்ஸுக்காக?

2014 ஏப்ரல் 18ல் கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து ஒரே காலையில் 16 நேபாளிகள் இறந்தார்கள். அரசாங்கம் முதலில் அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். மலையேற்றத் தொழிலாளர்கள் கொதித்துப்போய் வேலையை நிறுத்தினார்கள், அந்த வசந்தகால சீசனே நின்றது. பிறகு அவர்களுக்கான குறைந்தபட்சக் காப்பீடு 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் ஆனது. எவரெஸ்ட் என்பதால் உலகப் பத்திரிகைகள் எழுதின. கீழே, ஏதோ ஒரு லாட்ஜ் பெஞ்சில் இருமிக்கொண்டே ஒரு போர்ட்டர் செத்துப்போனால் எந்த சீசனும் நிற்காது.

அதனால் கேள்விகளைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். போர்ட்டருக்குக் காப்பீடு இருக்கிறதா, பனிக்குத் தகுந்த சட்டையும் ஷூவும் கொடுப்பீர்களா, ராத்திரி அவர் எங்கே படுப்பார் என்று. முகவர் மழுப்பினால் வேறு முகவர் இருக்கிறார், காட்மாண்டுவில் அதற்கா பஞ்சம்? பையை வீட்டிலேயே தராசில் வைத்துப் பார்க்கலாம். நடக்க ஆரம்பித்ததும் அவர் பெயரையும் ஊரையும் கேட்கலாம். ராய் என்றால் ராய் என்று எழுதலாம், படத்துக்குக் கீழே.

அவருக்கு மேலே போய் உடம்பு முடியாமல் போனால், அன்றைய கூலியைக் கையில் கொடுத்து "நீ இறங்கிப் போ" என்று தனியாக அனுப்புவதுதான் பல சாவுகளுக்குக் காரணம் என்று அந்தப் பாதுகாப்புக் குழு சொல்கிறது. அவர் பாஷை பேசுகிற, அவருக்கு என்ன ஆகிறது என்று புரிந்த ஒருவர் கூட இறங்க வேண்டும். வைத்தியச் செலவுக்குப் பணமும் கூடப் போக வேண்டும். அதனால் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகும். லுக்லா விமானத்தை மேகம் மறைத்தால் எல்லோரும் ஒரு நாள் காத்திருக்கத்தானே செய்கிறார்கள்?