முதல் கோப்பை யாருக்கு?

போன செமஸ்டர் பரீட்சை நேரம் எங்கள் போடிங் அறையில் படித்ததைவிட தேத்தண்ணி போட்டதுதான் அதிகம். நாங்கள் நாலு பேர். ஒருத்தன் யாழ்ப்பாணம், ஒருத்தன் மட்டக்களப்பு, ஒருத்தன் அக்குறணை, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன கேஸ் குக்கர், ஒரு அலுமினியச் சட்டி, ஒரு வடி. அக்குறணைக்காரன் ஏலக்காய் தட்டிப் போடுவான். யாழ்ப்பாணத்தானுக்கு இஞ்சி இல்லாட்டி தொண்டைக்குள் இறங்காது. மட்டக்களப்பான் எதைக் குடுத்தாலும் குடிப்பான், ஆனால் கறுவா போட்ட அன்றைக்கு மட்டும் ரெண்டாவது கோப்பை கேட்பான். மூன்று பேரும் சேர்ந்து கேலி செய்தது என்னைத்தான். "மச்சான், நீ தேயிலைத் தோட்டத்தில பிறந்தவன். உனக்கு ஒரு பால்தேத்தண்ணி ஒழுங்கா போடத் தெரியாதா?"

உண்மையிலேயே தெரியாது. இருபத்தொரு வயது வரை நான் ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டதில்லை. கேட்காமலே கைக்கு வந்துகொண்டிருந்த சாமானை எப்படிச் செய்வது என்று நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

சரி, அந்த அறையில் படித்துக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையை அதற்குப் பிறகு போடலாம்.

ரெண்டு கோப்பைக்கு ரெண்டரைக் கோப்பை தண்ணீர் வையுங்கள், கொதிக்கும்போது கொஞ்சம் வற்றும். இஞ்சி போடுவதென்றால் பெருவிரல் நுனி அளவு துண்டைத் தட்டி, தண்ணீர் சூடாகும்போதே போட்டு மூன்று நாலு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பசும்பாலில் போடுவதாக இருந்தால் இது கட்டாயம். பச்சை இஞ்சியில் பாலைத் திரைய வைக்கிற ஒரு நொதியம் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அதன் வேலை முடியும். எங்களுக்கு ரெண்டு தடவை பால் திரைந்த பிறகுதான் இது விளங்கியது. கறுவா என்றால் விரல் நீளத் துண்டு, பச்சைத் தண்ணீரிலேயே போட்டுவிட வேண்டும், அதற்கு நேரம் தேவை. ஏலக்காய் மூன்று, தோலோடு தட்டி, தேயிலை போடுவதற்குக் கொஞ்சம் முன்னால். மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள், அது கசாயம்.

பிறகு நெருப்பைக் குறைத்து, ரெண்டு தேக்கரண்டி தூள். பால்தேத்தண்ணிக்குப் பெரிய இலை வேண்டாம். பிஓபிஎஃப் அல்லது டஸ்ட் போதும். டஸ்ட் என்றதும் குப்பை என்று நினைக்கிறார்கள். அது துணிக்கையின் அளவைச் சொல்கிற தரப்பெயர். சின்னத் துணிக்கை என்பதால் சாயம் சீக்கிரம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். ரெண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறிவிடும். இன்னொரு பக்கம், ஒரு ஜக்கில் ஐந்தாறு தேக்கரண்டி பால்மாவும் சீனியும் போட்டு, கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டி இல்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சாயத்தை வடித்து நாலைந்து தடவை ஆத்துங்கள். அவ்ளோதான். கடையில் கலர் பக்கட்டில் வருகிற மூன்று-ஒன்று பால்டீயின் பின்பக்கத்தை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். சீனி, கிரீமர் எல்லாம் வரிசையில் முன்னுக்கு நிற்கும், தேயிலை அதற்குப் பின்னுக்கு. அதே காசுக்கு நாலு ஏலக்காயும் ஒரு துண்டு இஞ்சியும் வாங்கலாம்.

பரீட்சை முடிந்து லீவுக்கு வீட்டுக்குப் போனேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி, பின்னேரம் அம்மா வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து அடுப்படிக்குள் நுழைந்தேன். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பின்னேர நிறுவை முடிந்து, மலையிலிருந்து இறங்கி லயத்துக்கு வர அஞ்சு மணியாகும். வந்ததும் கொழுந்துச் சாக்கை இஸ்தோப்பில் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கேத்தலை அடுப்பில் வைப்பதுதான் அவருடைய வழக்கம். அன்றைக்கு நான் முந்திக்கொண்டேன். இஞ்சி, ஏலக்காய், சாயம் எல்லாம் சரியாக வந்தது. ஜக்கில் பால்மாவைப் போட்டுவிட்டு சீனிப் போத்தலைத் திறந்தபோது கை நின்றுவிட்டது.

அம்மாவுக்கு எத்தனை கரண்டி சீனி?

அப்பாவுக்கு ரெண்டரை என்று தெரியும். அம்மாயிக்குச் சீனி வருத்தம், அவருக்குப் போடக்கூடாது என்றும் தெரியும். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பெரியப்பா வந்தால் மூன்று கரண்டி என்பதுகூடத் தெரியும், ஏனென்றால் அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே போடுவார். தனக்கு எத்தனை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. சத்தம் போட்டுக் கேட்டேன். "சீனியா? எனக்குச் சீனி வேணாம் தம்பி. நான் பால்டீ குடிக்கிறதில்லையே. பிளேன்டீதானே குடிப்பேன்."

பிடிக்காதா என்று கேட்டேன். "பிடிக்காம என்னா? பழகிப்போச்சு."

இந்தப் பழகிப்போச்சு என்பதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் கேள்வி கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. காலையில் கறக்கிற பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும், வீட்டுக்கு வருவது பால்மா. அம்மா பறிக்கிற கொழுந்து ஃபெக்டரிக்குப் போகும், வீட்டுக்கு வருவது தூள் பக்கட். ஆக ஒரு பால்தேத்தண்ணிக்குத் தேவையான ரெண்டு சாமானும் எங்கள் கையால்தான் போகிறது, ஆனால் ரெண்டையும் நாங்கள் வேறு வடிவத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததைப் பாடசாலையில் எல்லோரும் படித்திருப்போம். அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் பின்னேரம் வீட்டுக்குப் போய் என்ன குடித்தார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கணக்கு ஒன்றையும் பாருங்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அதே வருடம் ஒக்டோபரில் 400 கிராம் பால்மா பக்கட் 480 ரூபாய்க்கு ஏறியது. 2022 மார்ச்சில் அது 790 ரூபாய். ஒரு முழு நாள் மலையில் நின்று பறித்தால் ஒரு பக்கட் பால்மா, கையில் மிஞ்சுவது இருநூற்றிச்சொச்சம். அந்த மாதங்களில் நாட்டில் எல்லோரும்தான் பால்தேத்தண்ணியை விட்டோம். கடையிலும் அது இல்லாமல் போனது, இருந்தால் விலை கேட்கவே பயம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரே நாளில் எல்லோரும் விடவில்லை. முதலில் அம்மா விட்டார். பிறகு அக்கா. பிறகுதான் அப்பாவும் நானும். பால்மா திரும்பி வந்தபோது முதலில் எனக்கு வந்தது, "படிக்கிற பிள்ளை" என்று. அம்மாவுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

தட்டுப்பாடு யாரிடமிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் ஒரு வீட்டின் உள்விவகாரம் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பளம் குறைவு என்பது கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் எதிராக நாம் பேச வேண்டிய விடயம், பேசுகிறோம், இன்னும் பேசத்தான் வேண்டும். ஆனால் குறைவாக இருக்கிறதை வீட்டுக்குள் எப்படிப் பிரிக்கிறோம் என்பதற்குக் கம்பனி பொறுப்பில்லை. அதை நாங்கள்தான் செய்கிறோம். நான் போன தொழிற்சங்கக் கூட்டங்களில் சம்பள உயர்வு பற்றி மேடையில் பேசியவர்கள் ஆண்கள். பின்னால் கேத்தலோடு நின்றவர்கள் கொழுந்து பறிக்கிற பெண்கள். அவர்களுடைய சம்பளத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

இது தோட்டத்துப் பிரச்சினை மட்டும் என்று யாழ்ப்பாணத்து, கொழும்பு நண்பர்கள் தப்பிக்க வேண்டாம். பொண்ணு பார்க்க வரும்போது தட்டில் தேத்தண்ணியோடு யார் வெளியே வருகிறார்? கம்பஸில் நாங்கள் ஒரு கருத்தரங்கு வைத்தால், தலைப்பு பெண்ணியமாகவே இருந்தாலும், "தங்கச்சிமார் தேத்தண்ணியைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஒரு குரல் வருமா வராதா? நானே அந்தக் குரலாக இருந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு வழக்கமாக வருகிற பதில்கள் ரெண்டு. முதலாவது, "அம்மாவுக்கு அது சந்தோசம்டா, அவங்க பாசத்தில செய்றாங்க." இருக்கலாம். அம்மா எனக்குத் தேத்தண்ணி தரும்போது அவர் முகத்தில் தெரிகிறது பாசம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாசம் என்றால் அது ஏன் எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது? எட்டு மணிநேரம் மலையில் நின்றுவிட்டு வந்தவருக்கு, வீட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்த நான் ஒரு கோப்பை நீட்டினால் பாசத்தில் என்ன குறையும்?

ரெண்டாவது, "ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு பேச்சா?" ஆம், ஒரு தேத்தண்ணிக்குத்தான். எங்கள் வீட்டில் அது ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒரு வேளைக்கு அஞ்சு கோப்பை. வருடத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். அந்த ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் எழும்பி அடுப்படிக்குப் போயிருக்கிறார்.

இதில் எங்களைப் போன்ற ஆண்பிள்ளைகள் விழுகிற இன்னொரு குழியும் இருக்கிறது. நான் அன்றைக்குப் போட்ட இஞ்சி ஏலக்காய் பால்தேத்தண்ணியைப் படம் எடுத்தேன், ஸ்டேட்டஸ் வைத்தேன், நாற்பது பேர் இதயம் போட்டார்கள். அக்கா அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்தச் சட்டி, ஜக்கு, வடி எல்லாம் யாரு கழுவுறது?" என்னிடம் பதில் இல்லை. வருடத்தில் ஒருநாள் வாசனை போட்டு விசேசமாக ஒன்றைச் செய்து பாராட்டு வாங்குவது சுலபம். விடியக்காலம் நாலரை மணிக்கு, குளிரில், யாரும் படம் எடுக்காத சாதாரண பிளேன்டீயை ஊத்திப் போத்தலில் அடைத்துக் கொடுப்பதுதான் கஷ்டம். அதை அம்மா இருபத்தைந்து வருடமாகச் செய்கிறார். அதற்கு இதயம் போட்டவர் யாரும் இல்லை.

அதனால் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வீட்டில் வாசனைப் பால்தேத்தண்ணி போடப் பழகுங்கள், நல்ல சாமான், மேலே சொன்ன அளவு சரியாக வரும். ஆனால் ஊத்துகிற ஒழுங்கை மாத்துங்கள். வழக்கமாக யார் போடுகிறாரோ முதல் கோப்பை அவருக்கு, சூடாக, அவர் உட்கார்ந்திருக்கும்போது. அவருக்கு எத்தனை கரண்டி சீனி, இஞ்சியா ஏலக்காயா என்று கேளுங்கள். "எனக்கு என்னானாலும் பரவாயில்ல" என்றுதான் முதலில் சொல்வார், விடாமல் ரெண்டாம் தரமும் கேளுங்கள். குடித்து முடிந்ததும் சட்டியையும் வடியையும் நீங்களே கழுவி வையுங்கள்.

அன்றைக்கு அம்மா நான் போட்டதைக் கையில் வாங்கி, இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். "என்னா இது, ஆஸ்பத்திரி மருந்து மாதிரி. இஞ்சி கூடிப்போச்சு" என்றார். ஆனாலும் முழுக்கக் குடித்தார். அடுத்த நாள் இஞ்சியைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் அவராகவே சொன்னார், "ஏலக்கா மட்டும் போடு. சீனி ஒன்றரை."

இப்போது எனக்குத் தெரியும், ஒன்றரை. உங்கள் அம்மாவுக்கு எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா?