நெய் உறைவதும் ரத்தம் உறைவதும்

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரைச் சேவித்து, மலையையும் சுற்றி வந்தவரிடம் நெய்ப் பொங்கலை நீட்டிப் பாருங்கள். “வேணாங்க, நெய்யி ரத்தத்துல போய் உறைஞ்சிக்கும்” என்பார். தினம் வெந்நீர் குடித்தால் கரைந்துவிடும் என்று வைத்தியமும் சொல்வார்.

‘உறைதல்’ என்ற ஒரே சொல் செய்யும் குழப்பம் இது. மார்கழியில் நெய் உறையும்; அடுப்போரம் வைத்தால் உருகிவிடும். பாலும் உறையும், ஆனால் அதற்கு உறைமோர் வேண்டும், தயிரைச் சூடாக்கினால் மறுபடி பாலாகாது. ரத்தம் உறைவது தயிர் ஜாதி. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள, திராம்பின் என்ற நொதி ஃபைப்ரின் இழைகளால் வலை பின்னுகிறது. அந்த வலையை வெந்நீர் அவிழ்க்காது. நெய்யோ உள்ளே உறைய வழியில்லை, உடம்பே 37 டிகிரிச் சூட்டில்தானே இருக்கிறது!

அப்படியானால் சாப்பிட்ட நெய் ரத்தத்துக்கு வருவதே இல்லையா? வருகிறது. புரதம் போர்த்திய நுண்துளிகளாக, நிணநீர் வழியாக. விருந்துக்குப் பின் சில மணி நேரம் சீரம் பால்போல் கலங்கியிருந்து பிறகு தெளியும். டிரைகிளிசரைடு பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இதனால்தான். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் உறைவுக் காரணி 7 சற்றுத் தூண்டப்படுவதும் உண்மை. அதுமட்டுமே ரத்தக் கட்டியை உண்டாக்கிவிடாது.

சமையலறைக் குழாயில் பிசுக்கு அடைப்பதுபோல் என்ற உவமையும் பொருந்தாது. எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொழுப்பு படிவது ரத்தக் குழாயின் உள்தோலுக்கு அடியில், பல வருடங்களாக. அந்தப் படிவின் மூடி ஒருநாள் கிழியும்போதுதான் அதன்மேல் ரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில்.

நெய்யே குற்றவாளி என்பவர்களுக்கு ஒரு ரயில்வே கணக்கு. மருத்துவ அதிகாரி எஸ்.எல். மல்ஹோத்ரா 1967இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார்: வடக்கத்திய ஊழியர்கள் பல மடங்கு கொழுப்பு சாப்பிட்டார்கள், பெரும்பாலும் பால் கொழுப்பு. இதய நோயோ தெற்கத்தியவர்களிடம் ஏழு மடங்கு அதிகம். உடனே நெய்க்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டாம். இரண்டு ஊர்க்காரர்களுக்குள் சாப்பாடு தவிர எத்தனையோ வித்தியாசம் உண்டு. ஒரு ஒப்பீடு தீர்ப்பாகாது. நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும் என்பது சோதித்து உறுதியான விஷயம். ஆகவே அளவு பார்க்கத்தான் வேண்டும், உறைந்துவிடும் என்ற பயத்தால் அல்ல.

நெஞ்சு வலித்தால் வெந்நீர் போடாதீர்கள், 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அது முதல் சில மணி நேரத்துக்குள் ஏறினால்தான் நன்றாக வேலை செய்யும்.