போருக்குக் குரல் கொடுத்தவர்கள் வேறென்ன கொடுப்பார்கள்?

மாண்புமிகு பாதுகாப்பு அமைச்சர் திரு. ராஜ்நாத் சிங் அவர்களுக்கு,



கர்நாடகத்தில் கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் உள்ள பேத்தமங்களாவிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பகுதி உங்கள் அமைச்சகத்துக்குப் புதிதல்ல. உங்கள் பொறுப்பில் இயங்கும் பெமல் தொழிற்சாலை தங்கவயலில்தான் இருக்கிறது. அங்கிருந்து ராணுவத்துக்கு வண்டிகள் போகின்றன. எங்கள் ஊர்களிலிருந்து ராணுவத்துக்கு ஆட்களும் போகிறார்கள். இந்த மடல் ஆட்களைப் பற்றியது.

2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, நாடே கொதித்துப்போயிருந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மாநில அமைச்சர் ஜமீர் அகமது கான், உடம்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்குள் போகத் தயார் என்று செய்தியாளர்கள் முன் அறிவித்தார். மே 7 அதிகாலை சிந்தூர் நடவடிக்கை தொடங்கியது. மறுநாள் இரவு சில தொலைக்காட்சிகள் கராச்சித் துறைமுகத்தையே தரைமட்டமாக்கிவிட்டன; விடிந்து பார்த்தால் துறைமுகம் அப்படியே இருந்தது. மே 10 அன்று சண்டை நின்றது. ‘ஏன் நிறுத்தினார்கள், இன்னும் நாலு நாள் அடித்திருக்கலாமே’ என்று எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் பேசினார்கள். அப்போது ஒருவர் கேட்டார்: “அடிக்கலாம்தான். உன் பையனை அனுப்புறியா?” பேச்சு அதோடு நின்றுவிட்டது.

இந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டீக்கடைக்காரரைப் பார்த்து இதைக் கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து. போரைப் பற்றிப் பேச வேண்டுமானால் சீருடை போட்டிருக்க வேண்டும் என்று விதி வைத்தால், அறுபது வயதுப் பாட்டியும் போலியோவில் கால் சூம்பியவரும் வாயைத் திறக்க முடியாது. போரை எதிர்ப்பவருக்கும் அதே விதியைத்தானே நீட்டுவார்கள்! சீருடைக்காரர் மட்டுமே போரை முடிவு செய்யும் நாடு எப்படி ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1958-இல் அயூப் கான், 1977-இல் ஜியா, 1999-இல் முஷாரஃப் என்று பக்கத்து நாட்டிலேயே பார்த்துவிட்டோம். சிவிலியன் முடிவெடுப்பதும் ராணுவம் கட்டுப்படுவதும்தான் நம் நாட்டின் பலம். அதை ஒரு கிண்டல் கேள்விக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் டீக்கடைக்காரரும் அமைச்சரும் ஒன்றல்ல. ஒருவர் பேசிவிட்டுக் கிளாஸைக் கழுவப் போகிறார். இன்னொருவர் பேசினால் பட்டாலியன் நகர்கிறது.

எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஒருநாள் விடியற்காலையில் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். பாலாற்றைத் தடுத்துக் கட்டிய ஏரி இது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கச் சுரங்கங்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போனது. இன்றைக்கும் தங்கவயலின் பழைய ஆட்கள் ‘பேத்தமங்களா தண்ணி’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கரையில் பையன்கள் ராணுவத் தேர்வுக்காக ஓடுகிறார்கள். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். கூட வரும் பையன் செல்போனில் நேரம் பார்த்துக் கத்துகிறான். கட்டையில் தொங்கிப் பத்து முறை தாடையை மேலே கொண்டுவர வேண்டும். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். உயரம் 166 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மார்பு 77, மூச்சை இழுத்தால் இன்னும் 5. ஒரு பையன் தங்கையிடம் வாங்கிய தையல் டேப்பை மார்பில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, “பாருங்கண்ணா, எண்பத்திரண்டு வருதா?” என்று என்னிடம் கேட்டான். எண்பத்தொன்றரை வந்தது. எண்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன்.

இவர்கள் யாரும் போரை ஆதரிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. வேலை தேடுகிறார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயலில் பாதிப் பேர் மாரிகுப்பத்திலிருந்து விடிகாலை ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள். மற்றப் பையன்களுக்கு நரசாபுரம் தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்தான், அதுவும் கான்ட்ராக்ட். தம்பிமார் என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் தலைமையிடம் பெங்களூரு அல்சூரில் இருக்கிறது. அங்கே நுழைந்துவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்ற எண்ணம் இங்கே மூன்று தலைமுறையாக உண்டு. எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த வடஆர்க்காட்டுப் பக்கம் போனால், வேலூர் அருகே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள்.

ஒருவர் கேட்க, இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கும் ஏற்பாடு தங்கவயல்காரர்களுக்குப் பழகியதுதான். தங்கம் வேண்டும் என்றவர்கள் லண்டனில் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களில் பங்கு வாங்கி வைத்திருந்தார்கள். பத்தாயிரம் அடிக்கும் கீழே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்கள் எங்கள் தாத்தாக்கள். பங்குக்காரர் சுரங்கத்தில் இறங்க வேண்டும் என்று அந்தத் தாத்தாக்கள் யாரும் கேட்கவில்லை. கூலி கேட்டார்கள், கல் தூசியில் நுரையீரல் போனால் நஷ்டஈடு கேட்டார்கள், செத்தால் குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்டார்கள். நானும் அதையேதான் உங்களிடம் கேட்கப்போகிறேன்.

ஆதரித்த போருக்குத் தாங்களே போனவர்களும் உண்டு. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வந்தபோது காந்தியின் மனம் போயர்கள் பக்கம்தான் சாய்ந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் பிரஜை என்று உரிமை கேட்கிறவன் அந்த அரசின் ஆபத்தில் ஒதுங்கி நிற்கக் கூடாது என்று நினைத்தார். ஏறக்குறைய 1,100 இந்தியர்களைத் திரட்டி, தானும் ஒருவராக ஸ்ட்ரெச்சர் தூக்கினார். பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள். தமிழர்களும் அவர்களில் உண்டு. அதே காந்தி 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தார். சில மாதங்களுக்கு முன் அவருடைய வரிகொடா இயக்கத்துக்காகக் காசு வாங்காமல் வண்டி ஓட்டிய விவசாயிகள், இந்த முறை வாடகைக்குக்கூட வண்டி தரவில்லை. அகிம்சை பேசுகிறவர் எங்களை ஆயுதம் எடுக்கச் சொல்லலாமா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். காந்தி சொன்னாலும் சரி, எங்கள் பிள்ளையின் உயிருக்கு நாங்கள்தான் கணக்குக் கேட்போம் என்ற அந்தக் குடியானவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சர்ச்சிலையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் கலிப்போலித் தாக்குதலுக்காக அடம்பிடித்து, அது படுதோல்வியானதும் 1915-இல் பதவியை விட்டு, அடுத்த சில மாதங்கள் மேற்கு முனையின் பதுங்குகுழிகளில் ஒரு பட்டாலியனோடு இருந்தார். அவரைப் பற்றி எனக்கு வேறு பல புகார்கள் உண்டு. இதில் இல்லை.

தமிழர்களாகிய எங்களிடமே இதற்கு நேர்மாறான, வலிக்கும் உதாரணம் இருக்கிறது. ஈழத்தின் கடைசிப் போரின்போது வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கட்டாயமாக எடுத்தார்கள். தாய்மார் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள், அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அதே நேரத்தில் டொரன்டோவிலும் லண்டனிலும், சென்னை மேடைகளிலும், போரைத் தொடரச் சொன்னவர்களின் பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் இன உணர்வு பொய்யில்லை. அவர்களில் பலர் 1983 கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து ஓடிவந்தவர்கள். ஆனால் விலையைக் கொடுத்தது வன்னிக்காரன்.

எங்கள் மேடைப் பேச்சாளர்கள் புறநானூற்றுத் தாயை விடவே மாட்டார்கள். முந்தின நாள் தந்தையையும் மறுநாள் கணவனையும் போரில் இழந்தவள், மிஞ்சியிருந்த ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பினாள் என்று தொண்டை கட்டப் பேசுவார்கள். அவள் அனுப்பியது தன் மகனை, பக்கத்து வீட்டு மகனை அல்ல என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அமைச்சர் அவர்களே, உங்களுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீங்கள் துப்பாக்கி எடுத்து எல்லைக்குப் போங்கள் என்று நான் எழுதினால் அது வெறும் கேலி. ஆனால் நாற்பது வயதுக்குள் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், தொலைக்காட்சியில் கராச்சியைப் பிடித்த நெறியாளர்களுக்கும் உங்களிடமே ஒரு கதவு இருக்கிறது. பிரதேச ராணுவம் என்ற டெரிட்டோரியல் ஆர்மிதான் அது. 18 முதல் 42 வயது வரை, வேலையை விடாமலே சேரலாம். மத்திய அமைச்சராக இருக்கும்போதே சச்சின் பைலட் 2012-இல் அதில் அதிகாரியானார். உங்கள் கட்சியின் அனுராக் தாக்கூர் எம்.பி.யாக இருக்கும்போதே 2016-இல் சேர்ந்தார். கட்சி வேறுபாடில்லாமல் இருவரையும் பாராட்டுகிறேன். 2025 மே மாதத்தில் அந்தப் படையையும் அழைக்கத் தரைப்படைத் தளபதிக்கு உங்கள் அமைச்சகமே அதிகாரம் கொடுத்தது. அந்த வாரம் தொலைக்காட்சியில் மேசையைத் தட்டியவர்களில் எத்தனை பேர் விண்ணப்பப் படிவம் வாங்கினார்கள்? யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. கதவு இருப்பதை அடுத்த முறை நாடாளுமன்றத்தில் நீங்களே உரக்க நினைவூட்டினால் போதும், சத்தம் கொஞ்சம் குறையும்.

இதைவிடப் பெரிய விஷயம் அக்னிபத். 2022 ஜூன் 14 அன்று முப்படைத் தளபதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே அறிவித்த ஆள்சேர்ப்புத் திட்டம். அக்னிவீரர் என்ற பெயரில் நான்கு வருடம் வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரமில்லை. மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வீட்டுக்கு வர வேண்டும். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. படையின் சராசரி வயது 32-இலிருந்து 26-க்கு இறங்கும் என்று காரணம் சொன்னார்கள். மலை ஏறும் படைக்கு இளமை வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. பென்ஷன் செலவு பெருகியதும் உண்மைதான். 2025–26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியத்துக்கே 1.61 லட்சம் கோடி வைத்தார்கள்.

ஆனால் நாடாளுமன்ற உறுப்பினராக எத்தனை காலம் இருந்தார் என்ற கணக்கே இல்லாமல் ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் அது மாதம் 31,000 ரூபாய். அக்னிவீரருக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று 2022-இல் சொல்ல முன்வந்தவர், எனக்குத் தெரிந்து, உங்கள் கட்சியின் வருண் காந்தி. மேசையைத் தட்டிப் போருக்குக் கைதட்டும் அவையில் அந்தக் குரலுக்குத் துணை சேரவில்லை. போரை ஆதரிப்பவர் படையில் சேர வேண்டியதில்லை என்று மேலே சொன்னேன். படைக்கான செலவில் மிச்சம் பிடித்துக்கொண்டே போரை ஆதரிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிந்தூர் நடவடிக்கையின்போது, மே 9 அன்று, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஓர் அக்னிவீரர் இறந்தார். ஆந்திரத்தின் ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்துக் கிராமத்துப் பையன். இங்கிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்து ஊர்க்காரன் மாதிரிதான். பெற்றோர் மும்பையில் கூலி வேலை செய்து வளர்த்த பிள்ளை. 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, மற்றவை என்று எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று உங்கள் அமைச்சகம் சொல்லும். சொல்வது சரியே. ஆனால் அதே பாறையின் பின்னால், அதே குண்டில், நிரந்தரப் படைவீரர் இறந்திருந்தால் அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் அளவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வரும். அக்னிவீரர் வீட்டுக்கு வராது. இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே பலன் தர வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழுவே பரிந்துரைத்தது. உங்கள் கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்த குழு அது.

தரைப்படையின் முதல் தொகுதி அக்னிவீரர்கள் 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கினார்கள். 2026 கடைசியில் அவர்களின் நான்கு வருடம் முடிகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இடஒதுக்கீடு என்று உறுதிமொழி இருக்கிறது. அது எத்தனை பேருக்குக் கைக்கு வரும் என்று இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் திரும்பி வரும் பையன்கள் கேட்பார்கள். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது இது: களத்தில் உயிர்விடும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு நிரந்தர வீரருக்கு இணையான குடும்ப ஓய்வூதியம் என்று ஆணை பிறப்பியுங்கள். 2022-இலிருந்து இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். நான்கு வருடம் முடித்து வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, எந்தப் படையில், எப்போது வேலை என்பதை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். கோலார் மாவட்டத்துப் பட்டியலை எங்கள் கிராமப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் ஓடுகிற பையன்கள் அதைப் படித்துவிட்டு, ஓடுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
பேத்தமங்களாவிலிருந்து ஒரு வாக்காளர்