ஒரே தேர்வாம்! தமிழ் வினாத்தாள் மட்டும் எல்லையோடு நிற்பதா?



மருத்துவப் படிப்புக்கு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு என்று விதித்தவர்கள், யாரை மனத்தில் வைத்து அதைத் திட்டமிட்டார்கள்? திருமுல்கேரியிலும் லால் பஜாரிலும் குடியிருக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளையை அல்ல. அவர்களுடைய விதிகளே இதற்குச் சாட்சி.

'நீட்' தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது என்று பெருமை பேசுகிறார்கள். ஆனால் ஐதராபாத் மையத்தில் அமரும் பிள்ளைக்கு ஆங்கிலம், இந்தி, உருது, தெலுங்கு வினாத்தாள்தான் கிடைக்கும். தமிழில் எழுத வேண்டுமானால் தமிழ்நாடு, புதுச்சேரி என்று மையம் தேடிப் போக வேண்டும். இந்தி வினாத்தாள் நாகர்கோவில் வரை வரும். தமிழ் வினாத்தாள் செகந்திராபாத்துக்கு வராது! இதற்குப் பெயர் ஒரே தேர்வா?

தமிழ்நாட்டிலேயே தமிழில் எழுதியவர்கள் கதி என்ன? 2018 இல் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை. 196 மதிப்பெண் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. பிழை செய்தவர் ஒருவர், தண்டனை பெற்றவர் இன்னொருவர்!

"இங்கே வாழ்பவர்கள் தெலுங்கில் எழுதட்டுமே" என்பார்கள். தெலுங்கோடு நமக்குப் பகையில்லை. நம் பிள்ளைகள் தெருவில் பேசுவதே அதுதான். ஆனால் பத்தாம் வகுப்புவரை ஊரில் பாட்டி வீட்டிலிருந்து தமிழில் படித்துவிட்டு, தகப்பனுக்கு வேலை கிடைத்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளை என்ன செய்யும்?

அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கதவும் அடைபட்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போடு முடியும் 4 ஆண்டுகளைத் தெலங்கானாவிலேயே தொடர்ந்து படித்தவர்தான் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு உள்ளூர் மாணவர். இந்த விதியை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அரசு ஊழியர், இராணுவத்தார் பிள்ளைகளுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அதிகாரி ஊர் மாறினால் அது பணியிட மாற்றம். கூலிக்காரன் ஊர் மாறினால் அது அவன் குற்றமா? இரண்டு பேரையும் ஊர் மாற்றுவது வேலைதானே!

நாம் பிச்சை கேட்கவில்லை. 13 மொழிகளில் அச்சிட்ட வினாத்தாளை, விண்ணப்பத்தில் பிள்ளை கேட்ட மொழியில், கேட்ட நகரத்துக்கு அனுப்பட்டும். பிழைப்புக்காக ஊர் மாறும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் 4 ஆண்டு விதியில் விலக்கு அளிக்கட்டும்.

கோரிக்கை வெல்லும்வரை நம் கடமையும் ஒன்று உண்டு. இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை, வீட்டுச் சிரமத்தால் இடையில் ஊருக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ஆண்டின் படிப்புச் சான்றிதழையும் ரேஷன் கார்டைப் போலப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம்!

மருத்துவமனைக் கட்டடத்துக்குக் கல் சுமந்த கை நம்முடையது. அதற்குள் ஸ்டெதஸ்கோப் பிடிக்கும் கையும் நம் பிள்ளையினுடையதாக ஏன் இருக்கக் கூடாது?