இரண்டாவது சனிக்கிழமையின் இலக்கணம்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எந்தத் தேதியில் வரும் என்று கணிப்பொறிக்குச் சொல்லித்தருவது நிரலாளரின் வேலை என்றே தமிழ் படித்தவர்கள் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி இலக்கணம் சார்ந்தது என்பது என் எண்ணம்.

கணக்கு எளியது. மாதத்தின் முதல் ஏழு நாட்களுக்குள் ஒவ்வொரு கிழமையும் ஒருமுறை வந்தே தீரும். ஆகவே இரண்டாவது சனி 8 முதல் 14க்குள்ளும், நான்காவது சனி 22 முதல் 28க்குள்ளும் மட்டுமே விழும். முதல் தேதியின் கிழமை தெரிந்தால், முதல் சனிக்கு எத்தனை நாள் என்று எண்ணி, பின் ஏழேழாகக் கூட்டிச் செல்லலாம். குன்னூரில் 1963 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்துக்கு இந்தச் சிரமமும் இல்லை. அது வாரந்தோறும் நடப்பது. ஏழைக் கூட்டினால் போதும். மாதத்தையும் கிழமையையும் ஒருசேரப் பிணைக்கும்போதுதான் சொல் தடுமாறுகிறது.

2025 நவம்பரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமையில் பிறந்த மாதம். 'இரண்டாவது வெள்ளி' என்றால் 14ஆம் தேதி. 'இரண்டாம் வாரத்து வெள்ளி' என்றாலோ, ஞாயிற்றில் தொடங்கும் நாட்காட்டியின் இரண்டாம் வரிசைப்படி 7ஆம் தேதி. அம்மாதத்தில் சனிக்கிழமைகள் ஐந்து. நான்காவது சனி 22, கடைசிச் சனி 29. வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. ஐந்தாவது சனி வேலைநாள். 'நான்காவது' என்பதைக் 'கடைசி' என்று கொண்டுவிட்ட நிரல், பூட்டிய நாளைத் திறந்த நாள் என்றும் திறந்த நாளைப் பூட்டிய நாள் என்றும் சொல்லும்.

இன்னொன்று. யூனிக்ஸ் வகைக் கணினிகளில், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் 'கிரான்' என்னும் நிரல் உண்டு. அதில் தேதி 8 முதல் 14 என்றும், கிழமை சனி என்றும் எழுதினால், இரண்டும் பொருந்தும் நாளையே நாம் கருதுவோம். கிரானோ இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதுமென்று கொண்டு, எல்லாச் சனிக்கிழமைகளிலும், 8 முதல் 14 வரை எல்லா நாட்களிலும் இயங்கும். 'உம்' என்பதற்கும் 'அல்லது' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. 'உம்' என்னும் ஒற்றை இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்த தொல்காப்பியத்தைப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இச்சிக்கல் அந்நியமானதா என்ன?

பேச்சில் யாரும் குழம்புவதில்லையே என்று கேட்கலாம். பேச்சில் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். திருப்பிக் கேட்டுத் தெளியலாம். கைப்பேசிக்கு வரும் தானியங்கிக் குறுஞ்செய்தியிடம் கேட்க முடியாது. கோத்தகிரிக்கு அப்பால் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வங்கிக்கு இறங்கும் தேயிலைத் தொழிலாளி, பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால் ஒருநாள் கூலி போயிற்று. ஒரு சொல்லின் பிழைக்கு அதுவே விலை.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். தமிழில் வரும் அறிவிப்புகள் 'இரண்டாவது சனிக்கிழமை' என்பதோடு நில்லாமல் தேதியையும் சேர்த்துச் சொல்லட்டும். தமிழ்த்துறைகள் இடையியலை நடத்தும்போது, பழைய உரைகளின் எடுத்துக்காட்டுகளோடு இத்தகைய தொடர்களையும் மாணவர் முன் வைக்கட்டும். நாளை நிரல் எழுதப்போகிறவர்களும் அதே வகுப்பறைகளில்தான் பகுதி ஒன்று தமிழ் படிக்கிறார்கள்.